'அமைதியான மீனவக் கிராமம்' எண்டு இனி எழுதாதேங்கோ

யாழ்ப்பாணத்தைப் பற்றின பயணப் பதிவுகளில் ஒரு வசனம் தவறாமல் வரும்: 'அமைதியான, அழகிய மீனவக் கிராமம்'. கீழே ஒரு வள்ளம், பின்னால பொழுதுபடுற சூரியன். அதை நம்பித்தான் போன மாதம் லெக்சர் இல்லாத ஒரு நாள், கலைப்பீடத்துச் சோம்பேறிகள் நாங்கள் அஞ்சு பேர் மயிலிட்டிக்கு வெளிக்கிட்டம். வான் பிடிக்கிறேல்லை, பஸ்ஸிலதான் போறது எண்டு கொள்கை முடிவு வேற. (கையில காசில்லை எண்டதுதான் உண்மை.)

குளப்பிட்டிச் சந்தியில பஸ் ஏறினம். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பளை. இந்தப் பாதையைச் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு போகேலாது. 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடின சனத்தில் கனபேர் இருந்த முகாம்கள் இந்தச் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும்தான் இருந்தன. கடலை நம்பிப் பிழைச்ச ஆக்கள், கடலே தெரியாத செம்மண் காணிக்குள்ள தகரக் கொட்டிலில் பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையும் கலியாணம் கட்டி, பிறகுதான் 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. 27 வருஷம். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகளும் இருக்கு. 27 வருஷம் ஆளில்லாமல் கிடந்த ஊரில் போய் நிண்டு அமைதியை ரசிக்கிறதுக்கு ஒரு தனித் துணிவு வேணும்.

தெல்லிப்பளையில இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காவல் இருந்து போய்ச் சேரப் பத்தரை ஆச்சு. கரையில ஆள் குறைவு. ஒரு ஐயா வலையைக் குவிச்சு வைச்சுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில ஒருத்தி வாய்தவறி, "என்ன அமைதியான இடம்" எண்டாள். ஐயா நிமிர்ந்தார். "விடிய நாலரைக்கு வந்து பாருங்கோ பிள்ளையள், காதடைக்கும்."

இரவு தொழிலுக்குப் போனவை விடியக் கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், ஐஸ் பெட்டி வாகனத்தில ஏறி, சனம் நித்திரைக்குப் போன பிறகு நாங்கள் வந்து நிண்டு 'அமைதி' எண்டுறம். இரவு வேலை முடிச்சுப் படுத்திருக்கிறவரின்ர அறையை எட்டிப் பார்த்து, 'சத்தமே போடாத மனிசன்' எண்டு சொல்லுற மாதிரி.

எல்லாம் நித்திரையால வந்த அமைதியும் இல்லை. துறைமுகத்தில கட்டி நிக்கிற பெரிய இழுவைப் படகுகள், எல்லை தாண்டிப் பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகுகள். கடலடியை வழிச்சு, இஞ்சத்த ஆக்களின்ர வலையையும் அறுத்துக்கொண்டு போறதுகள். இழுவை மடித் தொழிலை இலங்கை சட்டம் போட்டுத் தடுத்ததும் அதே 2017 ஜூலையிலதான். பிடிபட்டது இஞ்ச உக்குது, பிடிபடாதது இரவில வருது. தொப்புள்கொடி உறவு எண்டு மேடையில முழங்குறவை, அறுந்த வலைக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு மட்டும் கதைக்க மாட்டினம். அந்தப் படகில வாறவனும் கூலிக்கு வாற ஏழைதான், தெரியும். நாங்கள் சொல்லுறது படகு முதலாளிமாரை. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறினபோது கரையில கிடந்த வள்ளங்களும் அமைதியாத்தான் கிடந்திருக்கும். படத்துக்கு நல்லா வந்திருக்கும்.

போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை. போங்கோ, விடியப் போங்கோ, மீனை வாங்குங்கோ, விலையைக் கேளுங்கோ. அந்த ஒரு சொல்லை மட்டும் விடுங்கோ.

திரும்பி வரேக்க நடந்ததையும் சொல்லோணும். தெல்லிப்பளையில ஒரு அம்மா கருவாட்டுப் பையோட ஏறினா. "பின்னால போணை, நாறுது" எண்டார் கொண்டக்டர். நாலைஞ்சு பேர் சிரிச்சினம். எங்களில ஒருத்தனும் சிரிச்சான், மறைக்கேலாது. விளிம்புநிலை மக்களைப் பற்றி அசைன்மென்ட் எழுதி ஏ எடுத்தவன். கரையில நிண்டு செல்பி எடுக்கேக்க மணக்காத மீன், பஸ்ஸுக்குள்ள வந்தவுடனே மணக்குதெண்டால் அது மீனின்ர மணமில்லை, எங்கட சாதிப் புத்தியின்ர மணம். அவனோட அதைப் பற்றி இன்னும் சண்டை முடியேல்லை.

நாங்கள் எழும்பி இடம் குடுத்தம். அவ இருக்கேல்லை. "மருதனார்மடத்தில இறங்கிருவன் பிள்ளையள்" எண்டு சொல்லிப்போட்டு, பையைக் காலுக்கிடையில இடுக்கிக்கொண்டு நிண்டபடியே வந்தா.