ஒரு பிடி சேறு

வெள்ளிக்கிழமை இரவு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் பக்கம் கிளம்பும் கார்களில் சில, சேலம் தாண்டி கொல்லிமலைக்குப் போகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி, ஆகாய கங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம். அதே மலையில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு சில சிறுவர்கள் தவளை பிடிக்கப் போய் ஒரு வயலைக் கலக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கடைசிவரை அதை மறக்கவில்லை.

அவர் டாக்டர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் இருவரும் மலைமக்களிடையே ஊழியம் செய்ய வந்த ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்படும்வரை மலைப் பிள்ளைகள்தான் அவருக்குக் கூட்டாளிகள்.

அன்று நடந்ததை பிராண்டே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மலையில் நெல் வயல்கள் ஓடையை ஒட்டிப் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வரப்பு, வரப்பில் மடை. மேல் வயல் தண்ணீர் மடை வழியே கீழ் வயலுக்கு வழியும். வயல் மட்டமாக இருப்பதால் தண்ணீர் நிதானமாகப் போகும், மண் தங்கிவிடும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் புல்லோடு பெயர்த்த ஒரு மண்கட்டி போதும். வரப்புகளைக் கவனித்துக்கொள்வது ஒரு முதியவரின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவர் 'தாத்தா'.

முதலில் மூன்று தவளை பிடிப்பது யார் என்று பந்தயம். பையன்கள் இறங்கிக் குதித்ததில் வயலின் ஒரு மூலையில் பயிர் சாய்ந்தது, சேறு கலங்கியது. தாத்தா வருவதைப் பார்த்ததும் கரையேறி நின்றார்கள். பயிரை மிதித்ததற்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தார்கள். தாத்தா பயிரைப் பற்றிப் பேசவே இல்லை. குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி, இது யாருடையது என்று கேட்டார். உங்கள் வயல், உங்கள் சேறு என்றார்கள். பிறகு இரண்டு மடைகளைக் காட்டினார். ஒன்றில் தெளிந்த நீர். பையன்கள் ஆடிய இடத்துக்கு அருகே இருந்த மடையில் கலங்கல். ஒரு பிடி சேறு ஓர் ஆளின் ஒரு வேளைச் சோற்றுக்கு நெல் தரும், அதுவும் வருஷத்துக்கு இரண்டு முறை, தலைமுறை தலைமுறையாக. மடை தாண்டிய மண் இனி தன் பேரன்களுக்குச் சோறு போடாது என்றார். காலால் மண்கட்டியைத் தள்ளி மடையை அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு வேதபாடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இந்தப் பாடத்தைச் சொல்லித்தர ஒரு மலை விவசாயி வேண்டியிருந்தது. 'யாருடையது?' என்ற கேள்விக்குப் பையன்கள் சொன்னது பட்டாக் கணக்கு. தாத்தாவின் கணக்கில் இறந்துபோன பாட்டனும் பிறக்காத பேரனும் பங்காளிகள். பைபிள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலம் தன்னுடையது, மனிதர்கள் அதில் தங்கிப்போக வந்தவர்கள் என்று லேவியராகமம் 25ம் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரவேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான். ஆதாம் என்ற பெயரே எபிரேய மொழியில் மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்ற சொல்லோடு உறவுடையது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. பூமியை ஆண்டுகொள்ள மனிதனுக்கு அதிகாரம் தரும் ஆதியாகம முதல் அதிகாரம்தான் இயற்கையின் மீதான அத்துமீறலுக்குத் துணைபோனது என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967ல் குற்றம் சாட்டினார். வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும்தான் மனிதனுக்குத் தரப்பட்ட வேலை. கிறிஸ்தவர்கள் முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி.

பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம். தாத்தாவும் பையன்களை அடிக்காமல்தான் விட்டார். ஆனால் மன்னிப்புக் கேட்டதற்காகச் சேறு மலையேறித் திரும்பி வராது. செய்ய முடிந்தது ஒன்றுதான். உடனே மடையை அடைப்பது. மனந்திரும்புதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பிரசங்கங்களில் கிடைப்பது அரிது.

1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் இயங்க வைத்து உலகப் புகழ் பெற்றார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று நம்பிய காலம் அது. நோய் நரம்பைக் கெடுத்து வலியைப் பறிக்கிறது, வலி தெரியாததால் சூடுபட்டும் அடிபட்டும் கை சிதைகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி ஒரு கொடை என்பது அவருடைய வாழ்நாள் வாதம். 2003ல் மறையும்வரை மண்ணைப் பற்றிய கவலையும் அவரை விடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவைதான். மடையில் ஓடும் கலங்கல் நிலத்தின் வலி. அதைப் பார்க்கத் தெரியாதவனுக்கு நிலம் மரத்துப்போன கை.

கொல்லிமலையில் அந்த வலி இன்றும் உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெருமளவு மரவள்ளி ஏறிவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளிடமிருந்து கைக்குப் பணம் வருகிறது. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் இளகி மழையோடு இறங்குகிறது. மலையின் சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து பாடுபட்டிருக்கிறது. பணப்பயிரை விதைக்கிறவரைக் குற்றம் சொல்வது சுலபம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சாமை கட்டாது.

எலெக்ட்ரானிக் சிட்டியும் ஒரு காலத்தில் கிராமம்தான். கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978ல் அதைத் தொடங்கியது. இன்று அங்கே கணினி முன் உட்காருபவர்களில் பலர் தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள். ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரை விற்றால் பெங்களூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் ஆகும். விற்பவர்களுக்கும் நியாயமான காரணம் இருக்கும்.

தமிழ்ச் சபைகளில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை வருகிறது. வாழைத்தார், பூசணி, கரும்பு என்று பீடத்தின் முன் குவித்து ஏலம் விடுவார்கள். நகரத்துச் சபைகளில் பெரும்பாலும் அது கடையில் வாங்கிய விளைச்சல். தவறில்லை, காணிக்கை காணிக்கைதான். ஏலம் தொடங்குவதற்கு முன், அது விளைந்த மண் யாருடையது, இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்டால் அன்றைய பிரசங்கம் முழுமை பெறும்.