அவர்களும் சொல்லட்டும்



எம்மாவு செல்லும் வழியில், துயருற்ற சீடர் இருவருக்கு உயிர்த்த ஆண்டவர் எடுத்தவுடன் போதிக்கவில்லை. யாவும் அறிந்த அவர், நடந்தது யாதென்று கேட்டு, முதலில் அவர்களைச் சொல்லவைத்தார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ரோபர்ன் என்னும் சிற்றூர் உண்டு. 1983ஆம் ஆண்டு, ஜான் பாட் என்னும் 16 வயதுப் பழங்குடி இளைஞன் அங்கே காவல் நிலையத்தில் மாண்டான். அதன்பின் அவ்வூரைப் பற்றிப் பிறர் பேசியதெல்லாம் துன்பக் கதையே. தம்மைப் பற்றி இழிவையே கேட்டு வளரும் பிள்ளை, எதை நம்பி வாழும்?

2010க்குப் பிந்திய ஆண்டுகளில் ‘பிக் ஹார்ட்’ கலைக்குழுவினர் அங்கே சிறுவர் சிறுமியரோடு கூடி ‘நியோமேட்’ என்னும் படக்கதையை உருவாக்கினர். பிள்ளைகளே வண்ணந்தீட்டினர், நடித்தனர். கதை நிகழ்வது 2076இல், அவர்தம் சொந்த மண்ணில். அதன் வீரர்களும் அவர்களே! தமக்கும் ஓர் எதிர்காலம் உண்டெனக் கண்முன் காண்பது, வாடிய உள்ளத்திற்கு மருந்தன்றோ?

நம் இல்லங்களிலும் வாய்மூடிய பிள்ளைகள் உளர். மாலைச் செபம் முடிந்தபின், பெரியோர் ஒரு கதையைத் தொடங்குங்கள். எஞ்சியதைப் பிள்ளைகள் சொல்லட்டும். இடைமறித்துத் திருத்தாதீர்கள். பொறுமையாய்ச் செவிசாய்ப்பதும் பிறரன்புப் பணியே.