'கேஸ் போயிடுச்சு' என்னும் சர்வரோக நிவாரணி

ஃப்ரிட்ஜ் சரியா கூலிங் ஆகலைன்னு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாருங்க. வருவார். கதவைத் திறப்பார். உள்ளே கைய விட்டு ரெண்டு செகண்ட் வைப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு. "கேஸ் போயிடுச்சு சார்." நாடி பிடிச்சுப் பார்க்கற சித்த வைத்தியர்கூட ஒரு நிமிஷம் எடுத்துக்குவார் மக்களே. இவங்களுக்கு ரெண்டு செகண்ட் போதும்.

ஃப்ரிட்ஜ்ல இருக்கற வாயு வண்டிக்குப் போடற பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போற சமாச்சாரம் இல்லை. உடம்புல ரத்தம் மாதிரி. சீல் பண்ணின குழாய்க்குள்ள அதே வாயுதான் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கும். குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காம வாயுவை மட்டும் நிரப்பறது, ஓட்டை வாளியில தண்ணி பிடிச்சுக் குடுத்துட்டு காசு வாங்கற வேலை.

இன்னொரு கூத்து. உள்ளே எவ்வளவு வாயு இருக்குன்னு காட்ட வீட்டு ஃப்ரிட்ஜ்ல மீட்டர் எதுவும் கிடையாது. அழுத்தம் பார்க்கணும்னா சீல் பண்ணின குழாயைத் திறந்தாகணும். அனுபவசாலி மெக்கானிக் அதைத் திறக்காமலே, ஃப்ரீஸர் காயில்ல பனி எப்படிப் படிஞ்சிருக்கு, கம்ப்ரெஸர் எத்தனை ஆம்பியர் இழுக்குது, பின்பக்கக் குழாய் சூடாகுதான்னு பார்த்து முடிவுக்கு வருவார். இது எதையும் செய்யாம கையை மட்டும் விட்டுப் பார்த்துச் சொன்னா அதுக்குப் பேரு ஜோசியம்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மேல ஃப்ரீஸர்ல ஐஸ் கல்லு மாதிரி இருக்கு. கீழ வச்ச இட்லி மாவு மறுநாளே பொங்கி மூடியைத் தள்ளிட்டு வருது. அம்மாவுக்கு தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை, மாவு புளிச்சா போதும். வந்த மெக்கானிக் வழக்கம்போல கேஸ்னார். 3500 ரூபாய்னார். "கேஸ் போயிருந்தா மேல எப்படிங்க ஐஸ் கட்டுது?"ன்னு கேட்டேன். "அது பழைய கூலிங் சார்." பழைய சோறு கேள்விப்பட்டிருக்கேன், பழைய கூலிங் அன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன் :-)

இந்த மாதிரி ஃப்ரிட்ஜ்ல குளிர் உண்டாகறது ஒரே இடத்துலதான். ஃப்ரீஸர் பின்பலகைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற காயில். அங்கிருந்து ஒரு குட்டி ஃபேன் குளிர்காத்தைக் கீழே தள்ளும். காயில்ல படியற பனியை உருக்க சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் ஓடும். அந்த ஹீட்டரோ, அதோட பைமெட்டலோ, டைமரோ போர்டோ பழுதானா, பனி வளர்ந்து காயிலையே மூடிடும். காத்து போக வழி இருக்காது. மேல குளிரும், கீழ வெயில் காலம். எங்க வீட்ல நடந்தது இதுதான். சாமானை எல்லாம் வெளிய எடுத்துட்டு, ஸ்விட்சை அணைச்சு, கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டோம். பனி உருகி வெளிய வந்த தண்ணியைத் துடைக்க நாலு துணி ஆச்சு. மறுபடி போட்டதும் அட்டகாசமா குளிர்ந்தது. பத்து நாள்ல பழையபடி. அப்புறம் வேற மெக்கானிக் வந்து பலகையைக் கழட்டிப் பார்த்து, எரிஞ்சு போன ஹீட்டரை மாத்தினார். கேஸ் தொகையில பாதிகூட ஆகலை.

அந்த 'பத்து நாள்' இருக்கு பாருங்க, அதுலதான் மொத்த சூட்சுமமும். கேஸ் போடறேன்னு சொல்லி ஃப்ரிட்ஜை அரை நாள், ஒரு நாள் அணைச்சு வைக்கறாங்க. பனி தானா உருகிடுது. போட்டதும் ஜில்லுனு ஆகுது. நாம கையெடுத்துக் கும்பிட்டு காசு குடுக்கறோம். பத்து நாள் கழிச்சு மறுபடி போன் பண்ணா, "லீக் இருக்கு சார், காயில் மாத்தணும்." பொட்டி தட்டற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச வித்தை. மெமரி லீக் இருக்கற சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு "ஃபிக்ஸ் பண்ணிட்டேன்"னு மெயில் போடறது!

நிஜமாவே வாயு கசியறது உண்டு. முக்கியமா சிங்கிள் டோர்ல, கட்டின ஐஸைக் கத்தியால குத்தி எடுக்கற வீரர்கள் வீட்ல. அப்ப செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு முறை இருக்கு. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்கணும், ஃபில்டரை மாத்தணும், வேக்கம் பம்ப் வச்சு உள்ளே இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும், அப்புறம் தராசுல நிறுத்து வாயு ஏத்தணும். எந்த வாயு, எத்தனை கிராம்னு ஃப்ரிட்ஜ்ல ஒட்டின லேபிள்லயே இருக்கும். இப்ப வர்ற பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கறது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், பத்திக்கும். அதுல சில பத்து கிராம்தான் இருக்கும். அதைக் 'குத்துமதிப்பா' ஏத்தறதும், மிச்ச வாயுவை வெளியேத்தாம சமையலறையில டார்ச் பத்த வைக்கறதும் காசு விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம். பழைய மாடல்ல இருக்கற ஆர்-134ஏ பத்தாது. ஆனா ஒரு கிலோ காத்துல கலந்தா, நூறு வருஷக் கணக்குல, ஆயிரத்து சொச்சம் கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமா பூமியைச் சூடாக்கும். 2016ல கிகாலியில உலக நாடுகள் கூடி இந்த மாதிரி வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் போட்டாங்க. இங்க தேவையே இல்லாம அதைக் காத்துல விட்டுட்டு ரசீதுகூடத் தர்றதில்லை.

"பாவம்யா, அவங்களும் பொழைக்கணும்ல?"னு ஒரு குரல் கேட்குது. பொழைக்கட்டும். சரியாச் சொல்லணும்னா, இந்தப் பொய்யை வளர்த்து விட்டதுல நம்ம மக்களுக்கும் பங்கு இருக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பலகையைக் கழட்டி, மீட்டர் வச்சுப் பார்த்து, "சின்ன ரிலேதான் சார், 300 ரூபாய் குடுங்க"ன்னா, "சும்மா பார்த்ததுக்கா 300?"னு சண்டைக்குப் போறோம். அதே ஆள் "கேஸ்"னு ஒரு வார்த்தை சொன்னா 3500ஐ எண்ணிக் குடுக்கறோம். கண்டுபிடிக்கறதுக்குக் காசு கிடையாது, மாத்தறதுக்குத்தான் காசுன்னா, எல்லாரும் மாத்தத்தான் செய்வாங்க. பார்த்துச் சொல்றதும் வேலைதான். அதுக்குக் கூலி குடுங்க. அப்புறம் ஆதாரம் கேளுங்க.

ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்களே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டுல ராத்திரி முழுக்க வைங்க. 4 டிகிரி செல்சியஸோ அதுக்குக் கீழயோ இருக்கணும். ஃப்ரீஸர் மைனஸ் 18. கதவு ரப்பர்ல ஒரு பத்து ரூபா நோட்டை வச்சு மூடி இழுங்க. சுலபமா வந்தா குளிரும் அந்த வழியா வெளிய போகுது. பின்பக்கக் காயில் வெளிய தெரியற மாடலா இருந்தா, ப்ளக்கைப் பிடுங்கிட்டு தூசியைத் தட்டுங்க. சுவத்தை ஒட்டி வைக்காதீங்க. சுடச்சுட சாம்பாரை உள்ளே தள்ளாதீங்க. சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'டிக்'னு சத்தம் வந்து கம்ப்ரெஸர் ஓடலைன்னா, ரிலேயையும் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்க.

இதெல்லாம் பார்த்தும் கேஸ்தான்னு சொன்னா மூணே கேள்வி. ஓட்டை எங்க? வேக்கம் பம்பு, தராசு கொண்டு வந்திருக்கீங்களா? பில்லுல எத்தனை கிராம்னு எழுதித் தருவீங்களா?

பதில் இல்லைன்னா கேஸ் இல்லாதது ஃப்ரிட்ஜ்ல இல்லை. அவர் சொல்றதுலதான்.

டிஸ்கி: நேர்மையா கழட்டிப் பார்த்துச் சொல்ற மெக்கானிக்குகளுக்கு இந்தப் பதிவு எதிரி இல்லை. அப்படி ஒருத்தர் உங்க ஏரியாவுல இருந்தா நம்பரைப் பத்திரமா வச்சுக்கோங்க. நல்ல டாக்டர் கிடைக்கறதைவிடக் கஷ்டம்.