எழுந்திரும்மா, எல்லாரும் வந்தாச்சு!



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மார்கழி பிறந்திருக்கும். வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டிப் பக்கம் இந்த மாதத்து விடியலில் போயிருக்கிறீர்களா? மேற்கே மலை இருப்பதே தெரியாது, வெறும் மூட்டம்தான். தென்னை ஓலையிலிருந்து பனி சொட்டும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியிருக்கும். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அதனாலோ என்னவோ, புதுப்பட்டிக்காரர்கள் ஆண்டாளைப் பற்றிப் பேசும்போது தெய்வத்தைப் பற்றிப் பேசுகிற பயத்தைவிட வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற வாஞ்சைதான் அதிகம் தெரியும்.

ஆண்டாள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் நாம் பக்தியோடு கேட்கிறோம். அந்தப் பக்தியோடு சேர்த்து இன்னொன்றையும் இந்த மார்கழியில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம். 6 முதல் 15 வரை உள்ள பத்துப் பாசுரங்களில் நடப்பது என்ன? தோழிகள் கூட்டமாக வீடு வீடாகப் போய், இன்னும் படுக்கையை விட்டு எழாதவளை எழுப்புகிறார்கள். சும்மா எழுப்பவில்லை. வாசலில் நின்று வம்பிழுத்து, சீண்டி, அவள் அம்மாவையும் பேச்சுக்குள் இழுத்து எழுப்புகிறார்கள்.

ஒரு வீட்டில் மாமியிடமே கேட்டுவிடுகிறார்கள்: உங்கள் பெண்ணுக்கு வாய் பேச வராதா, காது கேட்காதா, இல்லை யாராவது மந்திரம் போட்டுவிட்டார்களா என்று. இன்னொரு வீட்டில் கும்பகர்ணனே உன்னிடம் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டானா என்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவள் பதினான்காம் பாசுரத்துப் பெண். முந்தின நாள் ‘நான்தான் வந்து உங்களையெல்லாம் எழுப்புவேன்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனவள் அவள். மறுநாள் மற்றவர்கள் கிளம்பி வந்து அவள் வாசலில் நிற்கிறார்கள்! உங்கள் தோழிகளில் அப்படி ஒருத்தி இல்லாமலா இருப்பாள்? கல்லூரிச் சுற்றுலாவுக்கு நாலு மணி பேருந்து என்று எல்லாருக்கும் நினைவூட்டிவிட்டு, தான் மட்டும் ஐந்து மணிக்கு ஓடிவந்தவளின் முகம் உங்களுக்கு நினைவு வரவில்லையா?

பதினைந்தாம் பாசுரம் முழுக்க முழுக்க உரையாடல். உள்ளே இருப்பவள் பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள். நீங்கள்தான் பேச்சில் கெட்டிக்காரிகள், சரி, நானே கெட்டிக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டும் கொடுக்கிறாள். எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள். வந்தாயிற்று, வேண்டுமானால் நீயே எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறார்கள் வெளியே நிற்பவர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய பாட்டு இது. இந்தப் பேச்சோ நேற்று நம் வீட்டு வாசலில் கேட்டது போலவே இருக்கிறது.

அந்தக் கேலியில் நான் கவனித்த ஒன்று உண்டு. தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போவோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூடச் சொல்வதில்லை. என்ன கிண்டல் செய்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள். எருமைகள் கன்றை நினைத்துத் தாமே பால் சொரிய, சேறாகிக் கிடக்கும் வீட்டின் வாசலில், தலையில் பனி இறங்க, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்காகக் காத்து நிற்கிறார்கள். உரிமை உள்ளவர்கள் செய்கிற கேலி இப்படித்தான் இருக்கும்.

அந்த உரிமை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. போன மார்கழியில் வ. புதுப்பட்டித் தெரு ஒன்றில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் வாசலை அடைத்துத் தேர்க் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பால் வாங்கிவந்த கொழுந்தன், தூக்குச்சட்டியோடு கோலத்தின் ஓரமாக நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“மதினி, இது தேரா, தேங்காய் மூட்டையா?”

மதினி தலையை நிமிர்த்தவே இல்லை. புள்ளியைச் சுற்றி இழுத்த இழையை முடித்துவிட்டுச் சொன்னார்: “தேர்தான் கொழுந்தனாரே. வடம் பிடிக்க ஆள் இல்லாமத்தான் நிக்குது. அந்த ரெண்டு தண்ணி வாளியையும் இழுத்துட்டு வந்தீங்கன்னா நகந்துரும்.”

திண்ணையில் போர்வைக்குள் இருந்த மாமியார் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கொழுந்தன் மறுபேச்சில்லாமல் வாளியைத் தூக்கினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பால் வாங்கப் போன ஒவ்வொருவரையும் ‘வடம் பிடிக்கப் போறியா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்த ஊர்களில்தான் இந்தப் பேச்சு வரும்.

இப்படி எத்தனையோ. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர் பால்கோவா இல்லாமல் திரும்ப முடியாது. அதற்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ‘ருசி மட்டும் பார்ப்போம்’ என்று பேருந்தில் பிரித்த பொட்டலம் வத்திராயிருப்பு வருவதற்குள் பாதியாகியிருக்கும். வீட்டில் விசாரணை நடக்கும்போது பழி பெரும்பாலும் கடைக்குட்டி மேல்தான் விழும். மீசையில் ஒட்டியிருப்பதைப் பாட்டி பார்த்துச் சொல்லும் வரை அப்பா தப்பித்துக்கொண்டிருப்பார்.

2025இல் பக்கத்துக் கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் எங்கள் ஊருக்கு வாங்க என்று உற்சாகமாக அழைத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. பிளவக்கல் அணை எங்கே என்று கேட்டுக்கொண்டு எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. அதைப் பார்த்த நம் எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்தது. யாரையும் மட்டம் தட்டாமல், தன் ஊர் மேல் இருந்த ஆசையை மட்டும் வைத்து அந்தப் பிள்ளை நம்மைச் சிரிக்க வைத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று வீட்டுச் சிரிப்பு வீட்டோடு நிற்பதில்லை. கல்யாண வீட்டில் வாய் திறந்து தூங்கிய சித்தப்பாவின் படம், அவர் கண் விழிப்பதற்குள் சொந்தக்காரர் குழு முழுக்கப் போய்விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவரை எழுப்பிக் கிண்டல் செய்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். யார் யாரோ போட்ட சிரிப்புப் பொம்மைகளை எண்ணிக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

பொங்கல் இதழில் உங்கள் வீட்டுச் சிரிப்புக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். மதினி கொழுந்தன் பேச்சோ, பேருந்தில் தோழியோடு நடந்ததோ, வயல் வரப்பில் கேட்டதோ எதுவானாலும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள், நாங்கள் திருத்த மாட்டோம். இதழ் அச்சுக்குப் போவதற்குள் கடிதம் வந்து சேர்ந்தால் போதும். அஞ்சலில் போடுவதற்கு முன், அதில் வருகிறவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். அவர் சிரித்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்