குரல் விளையக் காலம் கொடுங்கள்!

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது பழமொழி. ஆனால், முளையிலே தெரிந்த பயிரை அன்றே அறுத்துவிடலாம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. நாமோ முளையைக் கண்டவுடன் அரிவாளைத் தேடுகிறோம். ஒரு சிறுமி நன்றாகப் பாடுகிறாள் என்று தெரிந்தால் உடனே போட்டி, மேடை, கோப்பை! கோப்பை கிடைக்காவிட்டால், "பாடியது போதும், பாடத்தைப் படி" என்ற கட்டளை. இவ்விரண்டும் ஒரே அவசரத்தின் இரு முகங்களே.

ஒரு திறமை விளைவதற்கு எத்தனை காலம் வேண்டும்? இக்கேள்விக்கு விடையாக ஓர் ஆங்கிலப் பெண் இசைக்கலைஞரின் இசைத்தட்டுகளை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் கேட் புஷ்.

ராக் இசை என்றதும் வெறும் கூச்சல் என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் சற்றுப் பொறுத்து இவர் வரலாற்றைக் கேட்கட்டும். கேட் புஷ் 1958ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் அயர்லாந்து நாட்டுச் செவிலியர். அவர் படித்தது ஆபி வுட் என்ற ஊரில் இருந்த புனித சூசையப்பர் கன்னியர் மடப் பள்ளியில். ஆம், தங்கையரே, அவரும் உங்களைப் போல் கன்னியர் மடப் பள்ளி மாணவிதான்! அவர் சிறுவயதில் எழுதிய கவிதைகள் அச்சேறியதும் இது போன்ற ஒரு பள்ளி மலரிலேதான். பதினோராம் வயதில் தாமாகவே பியானோ பழகினார். பதின்மூன்றாம் வயதில் இயற்றிய ஒரு பாடல் பிற்காலத்தில் அவருடைய முதல் இசைத்தட்டிலேயே இடம்பெற்றது.

அச்சிறுமியின் பாடல்களைக் கேட்டு வியந்த டேவிட் கில்மோர் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞர், 1975இல் தம் செலவிலேயே சில பாடல்களைப் பதிவு செய்ய உதவினார். மறு ஆண்டு இ.எம்.ஐ. நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் முதல் இசைத்தட்டு வெளிவந்ததோ 1978இல்தான். இடைப்பட்ட காலத்தை அவர் வீணாக்கவில்லை. லிண்ட்சே கெம்ப் என்பவரிடம் நடனமும் பேசா நடிப்பும் பயின்றார்; பாட்டு எழுதிக் குவித்தார்; சிறு விடுதிகளில் பாடிப் பழகினார்.

முதல் பாடலாக எதை வெளியிடுவது என்பதில் நிறுவனத்தார் வேறொன்றைச் சொல்ல, எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைத் தழுவித் தாம் இயற்றிய பாடலே வேண்டும் என்று உறுதியாக நின்றார் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண். அப்பாடல் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. தாமே எழுதிப் பாடிய பாடலால் அங்கே முதலிடம் பெற்ற முதல் பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

வெற்றி வந்தவுடன் என்ன நடந்தது? நாம் செய்வதைத்தான் அந்த நிறுவனமும் செய்தது, அவசரப்படுத்தியது. முதல் இசைத்தட்டு வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது வெளிவந்தாக வேண்டும் என்றார்கள். புதிதாக எழுத நேரமில்லை. பெரும்பாலும் பழைய பாடல்களையே கொண்டு அதை நிரப்ப வேண்டியதாயிற்று. அந்த அவசரம் அவருக்கே நிறைவளிக்கவில்லை. மறு ஆண்டு ஒரு பெரிய இசைப் பயணம். ஆடிக்கொண்டே பாடுவதற்காகச் சட்டை மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் அணியும் ஒலிவாங்கியை அப்பயணத்திற்கென்றே செய்தார்கள்!

அதன் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். என் இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இனி நானே தீர்மானிப்பேன் என்பதே அம்முடிவு. 1980இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டின் தயாரிப்பில் தாமும் பங்கேற்றார். ஃபேர்லைட் என்னும் கணிப்பொறி இசைக்கருவி அப்போது புதிது. எந்த ஒலியையும் அதில் பதிந்து, விசைப்பலகையில் வாசிக்கலாம். கண்ணாடி உடையும் ஓசைகூட அவர் கையில் இசையாயிற்று.

1982இல் வெளிவந்த 'தி டிரீமிங்' முழுவதும் அவரே தயாரித்தது. அதில் இனிமையை எதிர்பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். முரட்டுத் தாளங்கள், அடுக்கடுக்கான குரல்கள், கழுதையின் கனைப்பு! ஒரு பாடலுக்காகப் பாலும் சாக்லேட்டும் உட்கொண்டு தம் குரலை வேண்டுமென்றே கரகரப்பாக்கிக் கொண்டார். தலைப்புப் பாடல் விற்பனைப் பட்டியலில் 48ஆம் இடத்தைத்தான் எட்டியது. "இவ்வளவுதான், முடிந்தது" என்று பலரும் எண்ணினார்கள்.

பழைய வெற்றிப் பாட்டின் நகல் ஒன்றைப் பாடியிருந்தால் கைத்தட்டல் உடனே கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. தம் குடும்பத்தின் பண்ணை வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். மணிக்கணக்கில் வாடகை ஏறும் கூடத்தில் எவரும் தவறு செய்து பார்க்கத் துணியமாட்டார்கள். சொந்தக் கூடத்தில் ஆயிரம் முறை முயலலாம். அங்கே உருவாகி 1985இல் வந்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே கதை: இரவில் கடல் நீரில் தன்னந்தனியே மிதக்கும் ஒரு பெண்ணின் அச்சமும் கனவும் நம்பிக்கையும். தாயின் நாடாகிய அயர்லாந்தின் குழலும் பிடிலும் அதில் ஒலிக்கின்றன. தாயின் குரலே ஓரிடத்தில் கேட்கிறது. முந்தைய தட்டில் கற்ற துணிவு இல்லாமல் இது பிறந்திருக்குமா? தோல்வி என்று எண்ணப்பட்டதே அடுத்த வெற்றிக்கு உரமாயிற்று என்பேன்.

பின்னர் வந்த இடைவெளிகளைப் பாருங்கள். அடுத்த தட்டு 1989இல். பல்கேரிய நாட்டுப் பாடகியர் மூவரின் குரல் அதில் இணைந்தது. அடுத்தது 1993இல். அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் மௌனம்! தாயை இழந்திருந்தார், பின்னர் மகனை ஈன்று வளர்த்தார். 2005இல் 'ஏரியல்' என்ற இரட்டை இசைத்தட்டு வந்தபோது, அதில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு பாட்டு. பறவைகளின் ஒலியோடு ஒரு நாளின் ஒளியைப் பின்தொடரும் நீண்ட இசைத்தொடர். கணிதப் பாடத்தில் வரும் 'பை' எண்ணின் இலக்கங்களை வரிசையாகப் பாடும் பாட்டும் உண்டு. இடையில் சில இலக்கங்கள் விடுபட்டதைக் கணிதப் பிரியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை! 2011இல் தம் சொந்த இசை நிறுவனத்தின் வழியே பனியைப் பற்றி ஏழே நீண்ட பாடல்கள் தந்தார். பதின்பருவத்தில் விண்ணில் பறந்த குரல் இப்போது ஆழ்ந்து, தணிந்து, கனிந்திருந்தது.

2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதால் 1985ஆம் ஆண்டின் பாடல் ஒன்று 37 ஆண்டுகள் கழித்து முதலிடம் பெற்றது. அது வெளிவந்த காலத்தில் மூன்றாமிடம்தான். முதலிடம் பெற்றது அதே பழைய பதிவுதான். கேட்கும் காதுகள் பிறக்கத்தான் காலம் பிடித்தது.

"அவருக்கு வசதியான தந்தை இருந்தார், பண்ணை வீடு இருந்தது, நமக்கு உண்டா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாராலும் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக் கொடுக்க முடியாது. எல்லாச் சிறுமியரும் கேட் புஷ் ஆகப் போவதுமில்லை. ஆனால் அவருடைய வீடு அவருக்குக் கொடுத்தவற்றுள் பெரியது கொட்டகை அன்று, "எப்போது முடிப்பாய்?" என்று கேட்காத பொறுமை. அதற்குக் காசு தேவையில்லையே!

பெற்றோரே, உங்கள் மகள் நேற்று இனிமையாகப் பாடினாள், இன்று ஏதோ புரியாத ஒன்றை முணுமுணுக்கிறாள் என்றால் கவலைப்படாதீர்கள். அவள் கெட்டுப்போகவில்லை, வளர்கிறாள். தேர்வு நெருங்கும்போது பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரிடமும் ஆசிரியையரிடமும் ஒரு வேண்டுகோள். நம் இசை அறையை வாரத்தில் ஒரு மணி நேரமேனும் போட்டியும் பரிசும் இல்லாமல் திறந்து வையுங்கள். அங்கே சுருதி தப்பினால் எவரும் சிரிக்கக் கூடாது. நன்றாக வந்தால் உடனே மேடை ஏற்றவும் கூடாது. தவறு செய்து பார்ப்பதற்கென்று ஓர் இடம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கட்டும்.

அன்புத் தங்கையரே, நேற்றுக் கைத்தட்டல் வாங்கிய பாட்டையே நாளையும் பாடிக்கொண்டிராதீர்கள். உங்களுக்கு வராததை முயன்று பாருங்கள். இன்று யாருக்கும் பிடிக்காவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதன் காலம் வரும்போது எடுத்துப் பாட, அது உங்களிடம் இருக்க வேண்டும் அல்லவா?