அதே டாக்டர், அதே நாற்காலி!

பல்வலி பெரும்பாலும் ராத்திரியில்தான் ஆளைப் படுத்தும். செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது செயின் கிளினிக் விளம்பரம்: 'இலவசப் பரிசோதனை', 'வட்டியில்லா இ.எம்.ஐ.' தெருமுனையில் 20 வருடமாகப் பல் பார்க்கும் டாக்டரின் பெயர் கண்ணில் படாது.

தள்ளுபடியில் மோதினால் அவர் தோற்பார். மொத்தமாகப் பொருள் வாங்கும் நிறுவனத்தின் விலைக்கு அவரால் இறங்க முடியாது. ஆனால், வேர் சிகிச்சை என்றால் பல நேரம் 2, 3 முறை போக வேண்டியிருக்கும், பிறகு கேப். செயின் கிளினிக்கில் இடையில் டாக்டர் மாறிவிடலாம். இங்கே ஆரம்பித்தவரே முடிப்பார். கேப் கழன்றால் போய்க் கேட்கவும் அவர்தான் இருப்பார். இதை அவர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை!

அடுத்தது செலவு பயம். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, 'இந்தப் பல்லை உடனே பார்க்கணும், அது ஆறு மாசம் தாங்கும்' என்று பிரித்துச் சொல்லி, தொகையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாத டார்கெட் இருக்கும் இடத்தில் அந்த 'ஆறு மாசம் தாங்கும்' சுலபத்தில் வாயில் வராது.

'எல்லா ஸ்பெஷலிஸ்ட்டும் ஒரே கூரையில்' என்கிறது விளம்பரம். அதே படிப்பு படித்த ஸ்பெஷலிஸ்ட்டுகள் சின்ன கிளினிக்குகளுக்கும் நாள் குறித்து வந்து போகிறார்கள். முப்பரிமாண ஸ்கேனுக்கு வெளியே சென்டர் இருக்கிறது; கடன் வாங்கி மெஷின் போட வேண்டியதில்லை.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. கூகுள் மேப்பில் கிளினிக் நேரம் சரியாக இருக்க வேண்டும், ஒரு வாட்ஸ்அப் எண் வேண்டும். பல் பிடுங்கிய அன்று சாயங்காலம், 'ரத்தம் நின்னுடுச்சாம்மா?' என்று ஒரு போன்.