கிராமத்துப் பெண்ணுக்குக் கவலையே இல்லையாம்!

மனச்சோர்வு நகரத்துப் பெண்பிள்ளைகளின் சொகுசு வியாதியாம். கைபேசியைப் பிடுங்கினால் பாதி குணமாகிவிடுமாம். கிராமத்துப் பெண்ணுக்கு அப்பத்தா, அத்தை, சித்தி என்று ஆள் இருப்பதால் ஆலோசகர் தேவையே இல்லையாம். சென்ற இதழ்க் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். எழுதியவர் கிராமத்தில் பிறந்தவராம். பிறந்திருக்கலாம், பெண்ணாகப் பிறக்கவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரம் அவர் புகழும் கிராமப்புறம்தானே? அங்கே 1992 முதல் 2001 வரை நேர்ந்த இளவயதுச் சாவுகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148; அதே வயது ஆண்களில் 58. அப்பத்தாக்களும் அத்தைகளும் நிறைந்த வீடுகளின் கணக்கு இது. ஒரு வட்டாரத்தை வைத்து நாட்டை அளக்கலாமா என்று கேட்பார். 2012இல் அதே இதழில் வெளியான இந்திய அளவிலான ஆய்வும், தற்கொலைச் சாவு விகிதம் நகரத்தைவிடக் கிராமத்தில் சுமார் இரு மடங்கு என்றே சொன்னது.

அத்தையிடம் மனம்விட்டுப் பேசலாமாம். எந்த அத்தையிடம்? கிராமத்துப் பெண் படிக்க ஆசைப்படுகிறாள். அந்த அத்தை மகனுக்கே அவளைப் பேசி வைத்திருக்கிறார்கள். சித்தியிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெருவே பேசும். அடுத்த நாள் பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

மனநல மருத்துவர் வாசலில் நகரத்துப் பெண்கள்தானே நிற்கிறார்கள் என்பது அவருடைய ஒரே சான்று. வாசல் இருக்கிற ஊரில்தான் நிற்க முடியும், ஐயா! கிராமத்தில் அதே துயரம் மயக்கம், படபடப்பு, தீராத தலைவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறது. அதற்கும் அடங்காவிட்டால் 'காத்து கருப்பு' என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கடைசி வைத்தியம் கல்யாணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20–24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் மணமுடிக்கப்பட்டவர்கள் இந்தியக் கிராமங்களில் 27 சதவீதம், நகரங்களில் 14.7 சதவீதம்.

நகரத்துப் பிள்ளையின் துயரத்தைச் 'சொகுசு' என்றது அதைவிடக் கேவலம். ஆறாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியில் தள்ளப்பட்டு, போட்ட படத்துக்கெல்லாம் நிறம், உடம்பு என்று ஏச்சு வாங்குகிறவள் எந்தச் சொகுசைக் கண்டாள்?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 முதல் 'டெலி மானஸ்' என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டுப் பெண்பிள்ளைக்கு இந்த எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். கட்டுரையாளரின் பேச்சைக் கேட்டு அவளுடைய கைபேசியைப் பிடுங்கிவிட்டால், அவள் இந்த எண்ணை எதிலிருந்து அழைப்பாள்?